பஞ்சத்தில் அநாதையானவள், ஆயிரங்களுக்குத் தாயானாள்



நான் பிரசங்கம் பண்ணத் தெரிந்தவள் அல்ல. தையல் மிஷினை மிதித்துப் பிழைக்கிற ஒரு சகோதரி. என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இரண்டு வருஷமாகிறது. இரண்டு பெண் பிள்ளைகள். வாடகை, பள்ளிக்கூடச் செலவு, நாளைக்கு என்ன என்கிற கேள்வி. ராத்திரியில் ஜெபிக்க முழங்கால் போட்டால் ஜெபம் வராது, அழுகைதான் வரும். ஆண்டவரே, ஏன் எனக்கு மட்டும் இப்படி என்று கேட்டிருக்கிறேன். அந்த நாட்களில் சபை நூலகத்தில் ஒரு பழைய புஸ்தகம் என் கைக்கு வந்தது. அது பண்டித ரமாபாய் அம்மையாரின் சரித்திரம். அதை வாசித்து நான் பெற்ற ஆறுதலை உங்களோடு பகிர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

ரமாபாய் 1858-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், ஒரு மராத்தி பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் ஆனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்கள் படிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தவர். அந்தத் தாயிடம்தான் ரமாபாயும் படித்தார். புண்ணிய ஸ்தலம் புண்ணிய ஸ்தலமாக நடந்து, புராணம் வாசித்து, ஜனங்கள் கொடுப்பதைக் கொண்டு ஜீவித்த குடும்பம் அது.

1870-களில் தென்னிந்தியாவில் பஞ்சம் வந்தது. கையிலிருந்த பணம் தீர்ந்தது, பாத்திரமும் நகையும் போனது. கூலி வேலை செய்து பழக்கமில்லை, பிச்சை கேட்கவும் கூச்சம். நம்முடைய திருப்பதிப் பக்கத்துக் காட்டில் பதினொரு நாள் இலையையும் தண்ணீரையும் கொஞ்சம் காட்டு ஈச்சம்பழத்தையும் தின்று கிடந்தார்கள். கொஞ்ச காலத்துக்குள் தகப்பன் போனார், தாய் போனார், அக்காளும் போனாள். மிச்சம் இருந்தது அண்ணன் ஸ்ரீநிவாசனும் ரமாபாயும்தான். இரண்டு பேரும் காலில் செருப்பில்லாமல் தேசத்தின் குறுக்கே நடந்து, 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே இருந்த பண்டிதர்கள் இந்தப் பெண்ணின் ஞானத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டு, பண்டிதை, சரஸ்வதி என்று பட்டம் கொடுத்தார்கள். இனி நல்ல காலம் என்றுதானே நினைப்போம்? 1880-ல் அண்ணன் இறந்துபோனார். அதே வருஷம் வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1882-ல் அவரையும் காலரா கொண்டுபோனது. கையில் ஒரு வயதுகூட நிரம்பாத மனோரமா என்ற பெண் குழந்தை. வயது இருபத்துமூன்று. விதவை. இதை வாசித்தபோது புஸ்தகத்தை மூடிவிட்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவருடைய கணவர் உயிரோடிருந்தபோதே வீட்டிலிருந்த புஸ்தகங்களுக்குள்ளே வங்காள மொழி லூக்கா சுவிசேஷம் ஒன்றை அவர் கண்டெடுத்திருந்தார். விதை அப்பவே விழுந்துவிட்டது. 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அமெரிக்காவுக்குப் போனார். அங்குள்ளவர்கள் பத்து வருஷத்துக்கு உதவி செய்வதாக வாக்குக் கொடுத்தார்கள். 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கினார்.

அந்தப் பத்து வருஷம் முடியப்போகிற நேரம் பார்த்து, 1896-ல் மத்திய மாகாணத்தில் பெரிய பஞ்சம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வருகிற உதவி நிற்கப்போகிறது, செலவைக் குறைக்கிறதுதானே புத்தி? அவர் அப்படிச் செய்யவில்லை. பஞ்சத்தில் பட்டினி கிடந்த பெண் அல்லவா அவர்! பசியால் எலும்பும் தோலுமான பிள்ளைகளைப் பார்த்ததும் தன் பழைய நாட்கள் ஞாபகம் வந்தது. நூற்றுக்கணக்கான பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பூனாவுக்கு அருகே கேட்காவ் என்ற இடத்தில் முக்தி என்ற ஊழியம் அப்படித்தான் வளர்ந்தது. 1900-ல் குஜராத் பஞ்சம் வந்தபோது அங்கே ஏறக்குறைய 2,000 பேர் இருந்தார்கள். இத்தனை வாய்க்கும் நாளைய சாப்பாடு எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரியாது. யாரிடம் கேட்கவேண்டும் என்று மட்டும் தெரியும்.

தேவ பிள்ளைகளே, அந்த அநாதைகள் நடுவிலேதான் எழுப்புதல் வந்தது. 1905 ஜனவரியில் எழுபது பேர் தினமும் கூடி ஜெபிக்க ஆரம்பித்தார்கள். ஜூன் மாதத்திற்குள் ஐந்நூறுக்கு மேல் ஆகிவிட்டது. ஜூன் கடைசியில் பரிசுத்த ஆவியானவர் வல்லமையாய் இறங்கினார். ஒரு பெண்மேல் நெருப்பைக் கண்டு, இன்னொருத்தி பயந்து வாளியில் தண்ணீர் எடுக்க ஓடினாள் என்று அங்கே ஊழியம் செய்த மின்னி ஆப்ராம்ஸ் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். இது அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதலுக்கு முந்தின வருஷம்! அந்த அம்மையார் எழுதின சிறு புஸ்தகம் தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்துக்குப் போய், 1909-ல் அங்கே பெந்தெகொஸ்தே எழுப்புதல் உண்டாக ஒரு காரணமாயிற்று. பஞ்சத்தில் பொறுக்கியெடுத்த பிள்ளைகளின் ஜெபம் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

எழுப்புதல் வந்ததால் அவருடைய கஷ்டமெல்லாம் தீர்ந்ததா? இல்லை. இதை மறைத்துச் சொன்னால் அது சாட்சி ஆகாது. காது கேட்காமல் போனது. தனக்குப்பின் ஊழியத்தை நடத்துவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா 1921 ஜூலையில், நாற்பது வயதில் இறந்துபோனாள். இனி முக்தி என்ன ஆகும்?  ஆனாலும் அவர் வேலையை விடவில்லை. எபிரெயு, கிரேக்க மொழிகளைக் கற்று, படிக்காத பெண்களுக்கும் புரிகிற எளிய மராத்தியில் வேதாகமத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதை முடித்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி கர்த்தருடைய சமுகத்துக்குப் போனார். அந்த வேதாகமம் 1924-ல் முழுமையாக வெளிவந்தது. முக்தி இன்றைக்கும் நடக்கிறது.

பிரியமானவர்களே, என் வாடகைப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஏன் என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை. ஆனால் முன்னே மாதிரி நாளைக்கு என்ன என்று மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருக்கிறதில்லை. இன்றைக்கு என் கையில் என்ன வேலை இருக்கிறது, என்னைவிட அதிகமாய் யார் அழுகிறார்கள் என்று பார்க்க ஆண்டவர் கற்றுக்கொடுத்தார். எங்கள் தெருவில் புருஷனை இழந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு இப்போது தையல் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது எதிர்காலம் இருட்டாய்த் தெரிகிறதே என்று கலங்கிக்கொண்டிருக்கலாம். ரமாபாயைக் காட்டிலிருந்து நடத்திவந்த தேவன் உங்களையும் அறிந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாருங்கள், சேர்ந்து அழுவோம், சேர்ந்து துதிப்போம். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென், அல்லேலூயா!