கொச்சை மனுவைப் படித்த நீதிபதி

சார்ள்ஸ் கிளார்க் 1889இல் பிறந்தவர். யேல் சட்டக் கல்லூரியின் பீடாதிபதி. அவர் காலத்தில் அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்கள் சிவில் வழக்குகளில் அந்தந்த மாநில நடைமுறையைப் பின்பற்றின. மாநிலம் மாறினால் சட்டத்தரணிக்கே வழி தெரியாது. 1934இல் பொது விதிகள் ஆக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்குக் கிடைத்தது. வரைவுக் குழுவின் அறிக்கையாளர் கிளார்க். 1938 செப்டெம்பர் 16 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. கோரிக்கையைச் சுருக்கமாக, தெளிவாகச் சொன்னால் போதும் என்கிறது 8ஆம் விதி.

அடுத்த ஆண்டு அவர் மேன்முறையீட்டு நீதிபதியானார். 1944இல், ஆங்கிலம் சரிவரத் தெரியாத ஒருவரின் மனு வந்தது. தனது டொனிக் போத்தல்களை நியூயோர்க் சுங்கத்தினர் ஏலம் விட்டதில் முறைகேடு, இரண்டு பெட்டிகளைக் காணவில்லை என்று தானே எழுதியிருந்தார். கீழ் நீதிமன்றம் தள்ளிவிட்டது. கிளார்க் அந்தக் கொச்சை எழுத்துக்குள் முறைப்பாட்டைக் கண்டு, விசாரிக்கச் சொன்னார். மனிதர் பிறகு தோற்றார். ஆனால் விசாரித்த பிறகுதான். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கையெழுத்து மனுக்களோடு அலைவதைப் பார்த்த எனக்கு அந்த வித்தியாசம் சிறிதல்ல.

கிளார்க் 1963இல் இறந்தார். 2007, 2009 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை ஒடுக்கியது. இரண்டாவது, செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பின் தடுத்துவைக்கப்பட்ட ஒரு பாகிஸ்தானியரின் வழக்கு.