60-ஐத் தாண்டி ஒரு தேசிய விருது: கே.பி.சுந்தராம்பாளின் ‘கம்பேக்’ எப்படி நடந்தது?

ஆடிக் கிருத்திகை சமயத்தில் வேலூரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்க. விரிஞ்சிபுரம் தாண்டுவதற்குள் ஏதாவது ஒரு கோயில் ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டுவிடும். ஹெட்போனைக் கழற்றாமலே கேட்கும், அவ்வளவு கணீர்! பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவைப் பாட்டி சமாதானம் செய்யும் ‘திருவிளையாடல்’ படப் பாட்டு அது. நம்மில் பலருக்கு கே.பி.சுந்தராம்பாள் என்றால் அந்தப் பாட்டிதான்.

படம் வந்த 1965-ல் அவருக்கு வயது 56. ஒருமுறை உச்சத்தைத் தொட்டு, எல்லாம் வேண்டாமென்று ஒதுங்கி, பிறகு திரும்பி வந்தவர் அவர். அந்த முதல் பாதி தெரிந்தால்தான் இரண்டாவது பாதி புரியும்.

1908-ல் ஈரோடு பக்கம் கொடுமுடியில் பிறந்தவர். வீட்டில் கடும் வறுமை. சிறுமியாக இருக்கும்போதே நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டார். அப்போது நாடக மேடையில் மைக் கிடையாது. தரை டிக்கெட் வாங்கிக் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். கேட்கலைன்னா கூச்சல்தான். அந்த மேடைதான் அவருக்குப் பாட்டு கிளாஸ். உச்சஸ்தாயியில் நின்றாலும் வார்த்தை உடையாமல் வரும் அந்தத் தெளிவு அங்கே வந்தது.

இலங்கை மேடைகளில் பேர் வாங்கியபோதுதான் எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்க ஆரம்பித்தார். கிட்டப்பா அன்றைய சூப்பர் ஸ்டார், அவரும் உச்சக் குரல்காரர். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இந்த ஜோடிக்கு ஊர் ஊராகக் கூட்டம் அலைமோதியது. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. இவர்களுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. கணவன், மனைவிக்குள் பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா 28-வது வயதில் இறந்துபோனார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைப் புடவை கட்டினார், நகைகளைக் கழற்றினார், மேடையை விட்டு விலகினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். இன்றைக்குப் பார்த்தால் அந்த முடிவு நமக்குக் கொஞ்சம் உறுத்தலாம். விதவைக் கோலத்தைச் சமூகம் திணித்த காலம் அது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோலத்தோடு மூலையில் உட்கார வேண்டும் என்ற அடுத்த விதிக்கு அவர் கட்டுப்படவில்லை. இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் அதுதான்.

1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு அழைப்பு. சம்பளம் 1 லட்சம் ரூபாய்! தங்கம் பவுன் விலை இரண்டு இலக்கத்தில் இருந்த காலம். ஜோடி இல்லாத வேடம் வேண்டும், அவ்வளவுதானே? நந்தனாராகவே, அதாவது ஆண் வேடத்திலேயே நடித்தார். 1940-ல் ‘மணிமேகலை’யில் துறவி. அப்புறம் 13 வருஷம் படமே இல்லை. நடுவில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினரானார்.

1953-ல் எஸ்.எஸ்.வாசன் ‘ஔவையார்’ எடுத்தார். ஜெமினியின் பிரம்மாண்டத் தயாரிப்பு, இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. ஔவையின் கதையைக் கவனியுங்கள்: கல்யாணம் வேண்டாம் என்று முதுமையைக் கேட்டு வாங்கிய பெண். சுந்தராம்பாள் வைத்த நிபந்தனைக்காகவே எழுதி வைத்தது போன்ற வேடம். 44 வயதில் கிழவியானார். கதாநாயகியின் வயது தாண்டினால் சினிமா கதவு மூடிக்கொள்ளும், இன்றைக்கும் பெரிசா மாறலை. அந்தக் கதவை அவர் தட்டவே இல்லை. கிழவிக்கான கதவு எப்போதும் திறந்துதானே இருக்கு!

இதற்குள் சினிமாப் பாட்டே வேறாகிவிட்டது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். மைக் பக்கத்தில் நின்று மெதுவாக, குழைந்து பாடுவதுதான் ஃபேஷன். பி.சுசீலா உச்சத்தில் இருந்த நேரம். அந்த நடுவே நாடகக் கொட்டகைக் குரல் பழசாகத் தெரிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மென்மையான குரல்கள் நிறைந்த படத்தில் இவர் வாயைத் திறந்தாலே தியேட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தது. 1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள், அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’. ஏ.பி.நாகராஜனும் இசையமைப்பாளர் கே.வி.மகாதேவனும் அவரைப் புதுசாக மாற்ற முயலவில்லை. அந்தக் குரலுக்கு இடம் விட்டு, வாத்தியத்தை அடக்கி வாசித்தார்கள்.

அமெரிக்க சோல் பாடகர் சாலமன் பர்க் 60 வயதை ஒட்டி, 2002-ல் ஒரு எளிமையான ஆல்பத்துடன் திரும்பி வந்து கிராமி விருது வாங்கினார். அவருக்கு சர்ச், இவருக்கு நாடகக் கொட்டகை. மற்றபடி வழி ஒன்றுதான்.

1969-ல் சாண்டோ சின்னப்பா தேவரின் ‘துணைவன்’. அதற்காக சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த விருதை முதலில் வாங்கியவர் சுசீலா, இரண்டாவது சுந்தராம்பாள். இதில் ஒரு வேடிக்கை: படத்தில் தன் முகத்துக்குத் தானே பாடியவருக்குப் ‘பின்னணி’ விருது! 1970-ல் பத்மஸ்ரீ.

1973-ல் மீண்டும் நாகராஜன் படம், ‘காரைக்கால் அம்மையார்’. கணவன் பிரிந்துபோன பிறகு, இனி இந்த அழகு எதற்கு என்று இறைவனிடம் பேய் உருவம் கேட்டு வாங்கியவர் அம்மையார். இளம் புனிதவதியாக நடித்தது லட்சுமி. உருமாறிய அம்மையாராக வந்து பாடியது சுந்தராம்பாள். 1980-ல் அவர் இறந்தபோது, கிட்டப்பா போய் கிட்டத்தட்ட 47 வருஷம் ஆகியிருந்தது.