உப்பு நீரில் பிரிகிறது என்றவர்

சுவீடன் நாட்டின் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் 1884ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் நூற்றைம்பது பக்க ஆய்வேட்டைக் கலாநிதிப் பட்டத்துக்காகச் சமர்ப்பித்தார். பட்டம் கிடைத்தது. ஆனால், பரீட்சகர்கள் இட்ட தரம் மிகத் தாழ்ந்தது. அதை வைத்துக்கொண்டு அங்கு விரிவுரையாளராகவும் முடியாது. அவ்விளைஞரே சுவாந்தே அரேனியஸ்.

உப்சாலாவுக்கு அருகே வீக் என்னுமிடத்தில், 1859 பெப்ரவரி 19ஆம் நாள் நில அளவையாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். மூன்று வயதிலேயே தாமாக வாசிக்கக் கற்றவர். உப்சாலாவில் கற்பிக்கப்பட்ட பௌதிகத்தில் நிறைவு காணாது, 1881இல் ஸ்டொக்ஹோம் சென்று எட்லண்ட் என்பாரிடம் ஆய்வு செய்தார்.

அவர் எடுத்துக்கொண்ட வினா எளியது. உலர்ந்த உப்புக்கட்டி மின்னைக் கடத்தாது. தூய நீரும் மிக அரிதாகவே கடத்தும். இரண்டையும் சேர்த்தால் நன்கு கடத்துவது ஏன்? கரைசலில் மின்னைச் சுமந்து செல்லும் துணிக்கைகளுக்கு அயன் என்ற பெயரை 1834இலேயே பரடே வழங்கியிருந்தார். ஆயினும், மின்னோட்டமே அவற்றைப் பிரிக்கிறது என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. கரைந்த பொருளில் ஒரு பகுதி மின்னோட்டத்துக்கு முன்பே செயற்படு நிலையில் உள்ளதென அரேனியஸ் கருதினார். தம் பேராசிரியரும், ஹொல்மியம், தூலியம் ஆகிய மூலகங்களைக் கண்டறிந்தவருமான கிளேவயிடம் இப்புதுக் கொள்கையைக் கூறச் சென்றபோது, அவர் இரண்டொரு மரியாதைச் சொற்களுடன் விடைகொடுத்து அனுப்பிவிட்டார்.

அரேனியஸ் தளர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளைப் பிறநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். றிகாவிலிருந்து ஒஸ்வால்ட் என்ற பேராசிரியர் அதே ஆண்டில் உப்சாலாவுக்கே நேரில் வந்து, தம்முடன் பணியாற்ற அழைத்தார். நோயுற்ற தந்தையை விட்டு அரேனியஸ் செல்லவில்லை. எனினும், வெளிநாட்டார் மதிப்பதைக் கண்ட பின்னர் உப்சாலாவும் அவரை விரிவுரையாளராக்கியது!

கொள்கை முழுவடிவம் பெற்றது 1887இல். சம எண்ணிக்கை மூலக்கூறுகள் கரைந்தால், நீரின் உறைநிலை சம அளவில் தாழ வேண்டும். சீனி இவ்விதிக்கு அடங்கிற்று. உப்போ ஏறத்தாழ இருமடங்கு தாழ்த்திற்று. ஒல்லாந்து அறிஞர் வான்ட் ஹொவ் இதற்காகத் தம் சமன்பாட்டில் காரணம் கூறமுடியாத ஒரு பெருக்கியைச் சேர்க்க வேண்டியிருந்தது. காரணத்தை அரேனியஸ் கூறினார்: ஒவ்வோர் உப்பு அலகும் நேரேற்ற, மறையேற்ற அயன்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மின்கடத்துதிறனிலிருந்து அவர் கணித்த பிரிகையளவும் உறைநிலை காட்டிய அளவும் பெரிதும் ஒத்துவந்தன.

எதிர்ப்பு ஓயவில்லை. சோடியம் நீரில் பட்டதும் சீறி எரியும், குளோரீன் நச்சுவாயு. இவை தனித்தனியே உப்புநீரில் எவ்வாறு அமைதியாக இருக்கும் என வினவினர். பரீட்சகர் ஆசனத்தில் அமர்ந்து பழகியவர்களுக்கு இது மூடத்தனமான வினாவாகத் தோன்றாது. ஏற்றம் பெற்ற அயன் வேறு, ஏற்றமற்ற அணு வேறு என்பதற்கான விளக்கம், தொம்சன் 1897இல் இலத்திரனைக் கண்டறிந்த பின்னரே தெளிவாயிற்று. செப்புக்கம்பியின் புதிரும் அதனாலேயே அவிழ்ந்தது. உலோகத்தில் நகர்பவை அயன்களல்ல, கட்டற்ற இலத்திரன்கள். ஆதலால் அது திண்மமாயினும் உருகியதாயினும் மின்னைக் கடத்தும்.

அரேனியஸ் ஓரிடத்தில் தவறினார். நீரில் கரையும்போதே அயன்கள் உண்டாகின்றன என அவர் எண்ணியிருந்தார். பிறாக் தந்தையும் மகனும் 1913இல் எக்ஸ் கதிர்களால் உப்புப் பளிங்கை ஆராய்ந்தபோது, அங்கு மூலக்கூறே இல்லை, அயன்களே வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன எனத் தெரியவந்தது. இடம்பெயர முடியாததாலேயே திண்ம உப்பு மின்னைக் கடத்துவதில்லை. 801 பாகை செல்சியஸில் உருகினாலோ நீரில் கரைந்தாலோ அவை விடுபட்டு நகர்கின்றன.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1903இல், இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்திருந்தது. அப்பரிசைப் பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் அவரே. 1927 ஒக்ரோபர் 2ஆம் நாள் ஸ்டொக்ஹோமில் காலமானார். உடல் உப்சாலாவில் அடக்கம் செய்யப்பட்டது.