ரேடியோ இரைச்சலை அடக்கிய ஆர்ம்ஸ்ட்ராங்

வானத்தில் மின்னல் வெட்டினால் பழைய ரேடியோப் பெட்டி கரகரவென்று அலறும். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடினாலும் அலறும். பாட்டு கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். இந்த இரைச்சலை ஒழிப்பதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர், எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். (நிலவில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங் வேறு, இவர் வேறு.)

இவர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் 1890-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி பிறந்தார். சிறு வயதில் கடும் காய்ச்சல் வந்தது. அது போன பிறகும் தோளும் தாடையும் வெட்டி வெட்டி இழுத்தன. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. வளர்ந்ததும், தம் வீட்டருகே 125 அடி உயரத்துக்குக் கம்பம் எழுப்பி, தாமே மேலே ஏறி ரேடியோக் கம்பி கட்டினார். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது!

மாணவர் செய்த புதுமை

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, 1912-ல், பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தார். அப்போது டிபாரஸ்ட் என்பவர் கண்டுபிடித்த வால்வு ஒன்று இருந்தது. அதிலிருந்து வெளிவரும் மின்சாரத்தில் கொஞ்சத்தை மறுபடியும் அதற்குள்ளேயே திருப்பி விட்டார், ஆர்ம்ஸ்ட்ராங். காதில் மாட்டினால்தான் கேட்கும் என்றிருந்த ஓசை, அறை முழுவதும் கேட்டது!

இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி விட்டார். வால்வே ரேடியோ அலையைப் பிறப்பிக்கத் தொடங்கியது. ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தால் நிற்காமல் ஆடும் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

காப்புரிமை வாங்கப் பணம் வேண்டும். படிப்பு முடியட்டும் என்று தந்தை மறுத்துவிட்டார். அதனால் 1913 ஜனவரி 31-ந் தேதி படத்தை வரைந்து, அதில் அதிகாரியின் சான்று மட்டும் வாங்கி வைத்தார். இந்தத் தாமதம் பிறகு அவருக்குத் தொல்லையாக வந்தது. அந்தக் கண்டுபிடிப்பு தம்முடையது என்று டிபாரஸ்ட் வழக்காடினார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1934-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு டிபாரஸ்ட் பக்கம் தீர்ப்பளித்தது. ரேடியோ என்ஜினீயர்கள் சங்கம் முன்பு தமக்குக் கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார், ஆர்ம்ஸ்ட்ராங். சங்கத்தார் வாங்க மறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு உண்மை தெரியும்!

இரைச்சல் எப்படி அடங்கியது?

அந்தக் காலத்து ரேடியோவில், அலையின் உயரம் கூடிக் குறைந்து குரலைச் சுமந்து வந்தது. மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கூட்டும். ஆகவே குரலோடு இரைச்சலும் சேர்ந்து வந்தது. இரண்டையும் பிரிக்க வழியில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் வழியையே மாற்றினார். அலையின் உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு விநாடிக்கு எத்தனை அலை என்ற எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்தார். பெட்டிக்குள் வந்ததும் உயர வேறுபாட்டை வெட்டி எறிந்துவிட்டார். அதோடு பெரும்பாலான இரைச்சலும் போயிற்று! இதுதான் எப்.எம். தமிழில் பண்பலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அலை பிறக்கும் இடமே ஆட்டம் கண்டால், அந்த ஆட்டமும் இரைச்சலாகக் கேட்கும். அதற்காக அசையாமல் நிற்கும் படிகத்தைக் கொண்டு அலையைப் பிறப்பித்து, சிறிதளவு மாற்றி, பிறகு பல மடங்காகப் பெருக்கினார். 1933 டிசம்பர் 26-ந் தேதி காப்புரிமை கிடைத்தது. 1935 நவம்பரில் நியூயார்க்கில் என்ஜினீயர்கள் முன்னால் செய்து காட்டினார். தூரத்து நிலையத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்றினார், காகிதத்தைக் கிழித்தார். பக்கத்தில் நடப்பது போல் தெளிவாகக் கேட்டது. சபையே வியந்தது.

(இந்தியாவில் எப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கியது சென்னையில்தான். அது 1977-ல்.)

கம்பெனியோடு போர்

ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனியின் தலைவர் சர்னாப், இவருடைய பழைய நண்பர். அவரிடம் வேலை பார்த்த மரியன் என்ற பெண்ணைத்தான் இவர் 1923-ல் மணந்தார். ஆனால் அந்தக் கம்பெனிக்கு டெலிவிஷன் மேல்தான் கண். 1940-ல் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. மற்றக் கம்பெனிகளைப் போல விற்பனைக்கு ஏற்பப் பங்கு தர வேண்டும் என்று ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்துவிட்டார்.

1945-ல் அரசு எப்.எம். அலைவரிசையை வேறு இடத்துக்கு மாற்றியது. மக்கள் வாங்கி வைத்திருந்த பெட்டிகள் வீணாயின. 1948-ல் ஆர்.சி.ஏ. மேல் வழக்குப் போட்டார். கம்பெனி வழக்கறிஞர்கள் நாள் கணக்கில், மாதக் கணக்கில் அவரையே கேள்வி கேட்டார்கள். காப்புரிமைக் காலம் முடிந்தது. கைப்பணமும் கரைந்தது. பணத் தகராறில் மரியனும் பிரிந்து போனார். மனம் உடைந்த ஆர்ம்ஸ்ட்ராங் 1954 ஜனவரி 31-ந் தேதி இரவு தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 63.

மரியன் வழக்குகளைக் கைவிடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆர்.சி.ஏ. சுமார் பத்து லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. மற்றக் கம்பெனிகளையும் அவர் ஒவ்வொன்றாகக் கோர்ட்டுக்கு இழுத்தார். கடைசி வழக்கிலும் வென்றபோது ஆண்டு 1967.