ஸ்கேனுக்கு முன்பே ரத்த ஓட்டத்துக்குக் கணக்கு எழுதியவர்: யார் இந்த அடால்ஃப் ஃபிக்?

பக்கவாதத்தோடு ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார்னு வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் எவ்வளவு பகுதி செத்துவிட்டது, எவ்வளவு இன்னும் பிழைக்கும்? இதை மதிப்பிட உதவுவது சிடி பெர்ஃப்யூஷன் ஸ்கேன். படம் காட்டுவதோடு நிற்காது, திசுவுக்குள் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் பாய்கிறது என்றும் கணக்கிடும். அந்தக் கணக்கின் வேர் 1870-ல் இருக்கிறது.

எழுதியவர் அடால்ஃப் ஃபிக். 1829-ல் இன்றைய ஜெர்மனியின் காசெல் நகரில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். கல்லூரிக்குப் போனது கணிதம் படிக்க. பிறகு மருத்துவத்துக்கு மாறினாலும் கணக்கு அவரை விடவில்லை. கல்லூரியில் நீங்கள் படித்திருக்கக்கூடிய ஃபிக் பரவல் விதி, 1855-ல் இவர் தந்ததுதான். தசைக்கு எரிபொருள் புரதமா என்று பார்க்க, நண்பரோடு ஆல்ப்ஸ் மலையேறி, தன் சிறுநீரைச் சேகரித்துச் சோதித்தவரும் இவரே!

1870-ல் வூர்ஸ்பர்க் நகரின் இயற்பியல்-மருத்துவச் சங்கத்தில் அவர் வைத்த யோசனையை, இன்றைய எண்களில் நீங்களே போட்டுப் பாருங்க. உடல் நிமிடத்துக்கு 250 மி.லி. ஆக்சிஜன் எடுக்கிறது. நுரையீரலுக்குள் போகும் ஒரு லிட்டர் ரத்தத்தில் 150 மி.லி. ஆக்சிஜன், வெளியே வரும்போது 200. ஆக, லிட்டருக்கு 50 ஏறுகிறது. 250-ஐ 50-ஆல் வகுத்தால் 5. நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம். அவ்வளவுதான்.

ஆனால் ஃபிக் இதை மனிதரிடம் அளக்கவில்லை. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை எடுக்க இதயத்துக்குள் குழாய் விடணும். யார் துணிவார்? 1929-ல் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கை நரம்பு வழியே தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்தினார். அடுத்த ஆண்டே பிராக் நகரில் ஓட்டோ க்ளைன் அளந்துகாட்டினார். ஃபிக் 1901-லேயே இறந்துவிட்டார்.

எனக்குப் பிடித்த தகவல் வேறொன்று. 1896 ஜனவரியில் ரான்ட்ஜென் எக்ஸ்-ரேயை விளக்கியது அதே வூர்ஸ்பர்க் சங்கத்தில். ஃபிக் அப்போது அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கணக்கும் கதிரும் ஒரே ஊரில் இருந்தன. சேர்த்துவைக்க கம்ப்யூட்டர்தான் இல்லை.

இன்றைய சிடி ஸ்கேனில் ஆக்சிஜனுக்குப் பதில் அயோடின் கலந்த மருந்து. நரம்பில் ஏற்றி, அடுத்தடுத்துப் படம் எடுப்பார்கள். தமனியில் எவ்வளவு வந்தது, திசுவில் எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்று ஒப்பிட்டால் ரத்த ஓட்டம் கிடைத்துவிடும். ஆரோக்கியமான மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி.

பக்கவாதத்தில் சீக்கிரம் போனால்தான் பலன் அதிகம், அது மாறவில்லை. ஆனால் முன்பெல்லாம் 6 மணி நேரம் தாண்டினால், குழாய் விட்டு அடைப்பை எடுப்பதில் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். 2018-ல் வெளியான டிஃபியூஸ் 3 ஆய்வு, பெர்ஃப்யூஷன் ஸ்கேனை வைத்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு 16 மணி நேரம் வரை அது பலன் தரும் என்று காட்டியது.