களிமண் வாத்து செய்த சிறுமி

களிமண் கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பிள்ளையார், சட்டி, பானை என்று ஏதாவது செய்து பார்ப்பீர்கள் அல்லவா? அமெரிக்காவில் ஒரு சிறுமி வாத்து செய்தாள். அதற்காக அடியும் வாங்கினாள்.

அவர் பெயர் அகஸ்டா சாவேஜ். ஃபுளோரிடா மாநிலத்தில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1892 பிப்ரவரி 29 அன்று பிறந்தார். வீட்டில் 14 குழந்தைகள். அப்பா மத போதகர். உருவம் செய்வது பாவம் என்று நம்பியவர். அதனால் மகளை அடிக்கடி அடித்தார். ஆனாலும் அகஸ்டா களிமண்ணை விடவில்லை.

பின்னர் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோனது. அங்கே ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அகஸ்டாவின் திறமையைக் கண்டு, மாணவர்களுக்குக் களிமண் வேலை கற்றுத்தரச் சொன்னார். சம்பளம் நாளுக்கு 1 டாலர். சொல்லித்தருவதில் உள்ள மகிழ்ச்சியை அகஸ்டா அங்கேதான் கண்டார்.

1921-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் இருந்தது 4 டாலர் 60 சென்ட் மட்டுமே! கட்டணம் இல்லாத கூப்பர் யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டில் முடித்தார்.

1923-ல் பிரான்ஸ் நாட்டுக் கோடைகாலக் கலைப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். கறுப்பினப் பெண் என்பதால் தேர்வுக் குழு அவரை ஒதுக்கியது. அகஸ்டா அழுதுகொண்டு உட்காரவில்லை. இது அநியாயம் என்று பத்திரிகைகளில் எழுதினார். குழு மனம் மாறவில்லை. ஆனால், அதில் இருந்த சிற்பி ஹெர்மன் மக்நீல் மட்டும் தன்னிடம் வந்து கற்கும்படி அவரை அழைத்தார்.

1929-ல் தொப்பி அணிந்த தெருச் சிறுவன் ஒருவனைச் சிலையாக வடித்தார். அந்தச் சிலை அவருக்கு உதவித்தொகை வாங்கித் தந்தது. மறுக்கப்பட்ட அதே பிரான்சுக்குப் படிக்கச் சென்றார்!

திரும்பி வந்ததும் தனக்காக மட்டும் சிலை செய்துகொண்டிருக்கவில்லை. 1932-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கலைக்கூடம் தொடங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்தார். 1937-ல் ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் இயக்குநரானார். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலை பயின்றனர்.

அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ஜேக்கப் லாரன்ஸ். ஓவியர்களுக்கு அரசு சம்பளம் தரும் திட்டம் அப்போது இருந்தது. அந்த அலுவலகத்துக்கு லாரன்ஸை அழைத்துச் சென்றார். வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். லாரன்ஸ் அதை மறந்தே போனார். ஆசிரியர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் அழைத்துச் சென்று வேலை வாங்கித் தந்தார்.

1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அகஸ்டா 16 அடி உயர யாழ் ஒன்றைச் செய்தார். நரம்புகளுக்குப் பதில் 12 பாடகர்கள் வரிசையாக நிற்பார்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அது பிளாஸ்டரால் ஆனது. வெண்கலத்தில் வார்க்கப் பணம் இல்லாததால், கண்காட்சி முடிந்ததும் உடைக்கப்பட்டது.

1962-ல் அகஸ்டா மறைந்தார். தன் நினைவுச் சின்னம் மாணவர்களின் படைப்புகளே என்று அவர் நம்பினார். அது பொய்க்கவில்லை. லாரன்ஸ் 1941-ல் முடித்த 60 ஓவியங்களின் வரிசையை இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் பாதிப் பாதியாகப் பகிர்ந்து பாதுகாக்கின்றன. யாழ் உடைந்தது, கற்றுக்கொடுத்தது உடையவில்லை!