சூளபந்தகத் தேரர்

பகவான் புத்தருடைய சங்கத்தில் கல்வியிற் சிறந்த தேரர் பலர் இருந்தனர். நான்கடிப் பாடல் ஒன்றை நான்கு மாதம் முயன்றும் நினைவிற் கொள்ள மாட்டாத ஒருவரும் அச்சங்கத்தில் இருந்தார். அவரே சூளபந்தகத் தேரர். பாலி உரைநூல்கள் கூறும் அவர்தம் வரலாற்றைப் பிள்ளைகளைப் பெற்றோரும் கற்பிப்போரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

இராசகிருக நகரத்துப் பெருஞ்செல்வர் ஒருவரின் மகள், தன் வீட்டு அடிமையை விரும்பினாள். செய்தி வெளிப்பட்டால் உயிருக்கே தீங்கு நேரும் என்று அஞ்சி, இருவரும் வேற்றூர் சென்று வாழ்ந்தனர். மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லப் புறப்பட்டவள் வழியிலேயே ஆண்மகவை ஈன்றாள். இரண்டாம் மகனும் அவ்வாறே வழியிற் பிறந்தான். ஆதலால் மூத்தவனுக்கு மகாபந்தகன் என்றும், இளையவனுக்குச் சூளபந்தகன் என்றும் பெயர் வழங்கிற்று. பின்னாளில் பாட்டனார் பேரர் இருவரையும் ஏற்றுக்கொண்டார். மகளையும் மருமகனையும் ஏற்றாரில்லை. ஆனால் சங்கமோ எவருடைய பிறப்பையும் வினவவில்லை. மூத்தவர் துறவு பூண்டு அருகத்தானார். தாம் பெற்ற பேற்றைத் தம்பியும் பெறுதல் வேண்டும் என்று அவரையும் சங்கத்திற் சேர்த்தார்.

தமையனார் தம்பிக்கு ஒரு பாடலைக் கற்பித்தார். அடுத்த அடியைக் கற்குந்தோறும் முன்கற்ற அடி மறைந்து போயிற்று. நான்கு மாதம் கழிந்தது. பொறுமையிழந்த தமையனார், விகாரையை விட்டு வெளியேறுமாறு பணித்தார். மறுநாள் மருத்துவர் சீவகர் பிக்குகளுக்கு அளிக்க இருந்த விருந்திலும் தம்பியைச் சேர்த்தாரில்லை. தீயவர் அல்லர் அவர், அருகத்தே ஆவார். தாம் அறிந்த கற்பிக்கும் முறை ஒன்றே. அது பயன்படாதபோது பிழை மாணவனுடையது என்று முடிவு செய்துவிட்டார். நாமும் அவ்வாறு செய்வதில்லையா?

விடியற்காலையில் துயருடன் வெளியேறிய சூளபந்தகரைப் பகவான் வாயிலருகே கண்டு, அன்புடன் அழைத்து வந்தார். பாடலைப் பற்றிப் பேசவே இல்லை. கிழக்கு நோக்கி அமரச் செய்து, தூய வெண்துணி ஒன்றைக் கையில் தந்து, அழுக்ககற்றுவது என்று பொருள்படும் சொல்லை ஓதிக்கொண்டே அதனைத் தடவுமாறு கூறினார். ஒரே பொருள், ஒரே சொல், கைக்கு ஒரே வேலை. வெயில் ஏற ஏறத் துணி மாசடைந்தது. தூயதாய் இருந்தது கைபட்டு மாறியதைக் கண்ட சூளபந்தகர் நிலையாமையை உணர்ந்தார். அகற்றற்குரிய அழுக்கு மனத்தின் ஆசையே எனத் தெளிந்து அருகத்தானார்.

அந்நேரம் சீவகர் இல்லத்தில் விருந்து தொடங்க இருந்தது. விகாரையில் இன்னும் ஒருவர் இருப்பதைச் சுட்டி அவரை அழைத்துவரச் செய்த பகவான், உணவு முடிந்ததும் அறவுரை கூறும் பொறுப்பை அவருக்கே அளித்தார். ஒரு பாடலும் நினைவில் நில்லாதவர் அன்று அவையோர் வியக்க அறமுரைத்தார். அவர் பெயரால் பத்துப் பாடல்கள் இன்றும் தேரகாதையில் உள்ளன.

முற்பிறப்பொன்றில் கற்றறிந்த பிக்குவாய் இருந்த இவர், மந்தமாய் ஓதிய ஒருவரை எள்ளி நகையாடினார் என்றும், நாணமுற்ற அவர் கல்வியையே கைவிட்டார் என்றும் உரைநூல்கள் கூறும். ஒரு பிள்ளையின் கல்வியைக் கெடுக்க ஓர் ஏளனச் சிரிப்புப் போதும் என்பதே இதனால் நாம் அறிவது.

ஓரிடத்தில் அமரவும், தொடங்கியதை முடிக்கவும், ஒன்றிற் கவனம் நிறுத்தவும் மிக இடர்ப்படும் பிள்ளைகள் உளர். சிலரிடத்து அது மூளை வளர்ச்சியைச் சார்ந்த குறைபாடே என்றும், சோம்பலோ வளர்ப்பின் பிழையோ அன்று என்றும் இன்றைய மருத்துவம் கூறுகின்றது. சூளபந்தகருக்கு இருந்ததும் அதுவே என்று நாம் துணியவில்லை. ஆயினும் பகவான் கையாண்ட முறை இப்பிள்ளைகளுக்கும் பொருந்தும். பெரிய பாடத்தைச் சிறு கூறுகளாக்குக. ஒரு வேளையில் ஒன்றையே தருக. கைக்கும் வேலை தருக. இரைச்சலின்றி ஆசிரியர் அருகில் அமர்த்துக. சிறிது முடித்தாலும் உடனே பாராட்டுக. இடர்ப்பாடு நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கற்க.

பிறப்பைக் காட்டி அறிவை அளந்தவர்களின் சொல்லை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்தனர். அச்சுமையை இறக்கிவைத்த நாமே, நம் வீட்டுப் பிள்ளையை மந்தன் என்று அழைக்கலாமா? வாயிலில் அழுது நிற்கும் பிள்ளையின் கையில் துணியைத் தரும் கை நம்முடையதாகுக.